முதல் யூடியூப் வீடியோ: சித்திக்கு போன்ல சொல்ற மாதிரி எடுங்க, போதும் (முழு வழிகாட்டி)

எனக்கு தெரிஞ்சவங்கள்ல பாதி பேர் "ஒரு சேனல் ஆரம்பிக்கணும்டா"ன்னு சொல்லிட்டு மைக்கு, ரிங் லைட்டு, ட்ரைபாட் எல்லாத்தையும் ஆன்லைன்ல கார்ட்ல போட்டு வச்சிருக்காங்க, ஒரு வருஷமா அது கார்ட்லயே கெடக்கு. மீதி பாதி பேர் வாங்கியே வச்சிருக்காங்க. அதுல ஒருத்தன் வீட்டுல ரிங் லைட் ஸ்டாண்டுல இப்ப துண்டு காயுது. வீடியோ மட்டும் ரெண்டு கோஷ்டிகிட்டயும் கிடையாது.

நான் முதல் வீடியோ போட்டதுக்கு காரணம் எங்க சித்தி. ஒருநாள் காலைல போன் பண்ணி "டேய் குக்கர்ல விசிலே வர மாட்டேங்குது, சைடுல புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி போகுது, புதுசு வாங்கணுமா?"ன்னு கேட்டாங்க. கேஸ்கட்டை கழட்டி பாருங்க, தளர்ந்து போயிருக்கா, வெயிட் உட்கார்ற குழாய்ல பருப்பு ஏதும் அடைச்சிருக்கான்னு வெளிச்சத்துல காட்டி பாருங்க, மூடி விளிம்பு எங்கயாவது நசுங்கியிருக்கான்னு பாருங்கன்னு பத்து நிமிஷம் சொன்னேன். சரியாயிடுச்சு. அடுத்த வாரம் அத்தை அதையே கேட்டாங்க. திரும்ப பத்து நிமிஷம். அன்னைக்குதான் தோணுச்சு, இதை ஒருதடவை எடுத்து போட்டுட்டா லிங்க் அனுப்பிட்டு நம்ம வேலையை பாக்கலாமேன்னு. கையில இருந்தது ஒரு சாதா ஆண்ட்ராய்டு போன், ஒரு வயர் இயர்போன். கீழ சொல்றது எல்லாம் அந்த வீடியோவ எடுத்தப்ப நான் சொதப்பி கத்துக்கிட்டதுதான்.

என்ன எடுக்கறது

இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. "சமையல் சேனல்", "டெக் சேனல்", "மோட்டிவேஷன்"னு யோசிப்பாங்க, அது சேனல், வீடியோ இல்ல. முதல் வீடியோவுக்கு என்கிட்ட ஒரே கணக்குதான்: போன மாசத்துல ரெண்டு பேராவது உங்ககிட்ட கேட்ட விஷயமா இருக்கணும், கேட்டப்ப யோசிக்காம பதில் சொல்லியிருக்கணும். மழைக்காலத்துல இட்லி மாவு புளிக்க மாட்டேங்குது என்ன பண்றது, பைக் செயின் லூசானா எப்படி டைட் பண்றது, பத்தாவது கணக்குல அந்த ஒரு கோபுரத்து உயரம் கண்டுபிடிக்கிற கணக்கு, இப்படி சின்னதா. சின்னதா இருக்கேன்னு கூச்சமே வேணாம். யூடியூப்ல ஏறுன முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23ல வந்துச்சு, அந்த தளத்தை ஆரம்பிச்ச மூணு பேர்ல ஒருத்தரான ஜாவேத் கரீம் அமெரிக்காவுல சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில யானை முன்னாடி நின்னுக்கிட்டு இதுங்களுக்கு தும்பிக்கை ரொம்ப நீளம்னு சொல்றாரு. மொத்தம் 19 செகண்ட். அவ்ளோதான்.

நம்ம ஊர்லயே பாருங்களேன், புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துல ஒரு தாத்தாவும் பேரனுங்களும் வயல்ல அடுப்பு மூட்டி சமைச்சதுதான் வில்லேஜ் குக்கிங் சேனல், 2018ல ஆரம்பிச்சாங்க, 2021ல 1 கோடி சப்ஸ்கிரைபரை தொட்ட முதல் தமிழ் சேனல் ஆயிட்டாங்க. செட்டு போடல, ஏசி ரூம் இல்ல. அவங்களுக்கு தெரிஞ்ச வேலைய தெரிஞ்ச இடத்துல செஞ்சாங்க.

விஷயம் முடிவானதும் யூடியூப் சர்ச்ல அதை டைப் பண்ணி கீழ என்னென்ன காட்டுதுன்னு பாருங்க. அது ஜனங்க நிஜமா தேடுற வார்த்தை, அதை அப்படியே நோட்டுல எழுதி வைங்க, தலைப்பு வைக்கறப்ப வேணும்.

எழுதறது: மேடைப்பேச்சு வேணாம்

என் முதல் ஸ்கிரிப்ட் எப்படி ஆரம்பிச்சுச்சு தெரியுமா? "வணக்கம் நண்பர்களே, இன்றைய காணொளியில் நாம் காணவிருப்பது அழுத்த சமையற்கலனில்..." அக்கா அடுப்படியில இருந்து எட்டி பாத்து "ஏன்டா, ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறியா?"ன்னு கேட்டா. அதோட நிறுத்திட்டேன்.

இது நம்ம தமிழ்ல இருக்கற தனி பிரச்சனை. பேனாவை எடுத்தா கை தானா எழுத்து தமிழுக்கு போயிடும், அதை பாத்து கேமரா முன்னாடி படிச்சா நாமளே நமக்கு அன்னியமா தெரிவோம், முகம் இறுகிடும், கை எங்க வைக்கறதுன்னு தெரியாது, நமக்கு கேமரா பயம்னு நினைச்சுக்குவோம். என்னை கேட்டா பாதி கேமரா பயம் இந்த மொழி பயம்தான். பேசுற மாதிரி எழுதினா பயம் தன்னால குறையுது.

அதுக்கு ஒரு வழி இருக்கு. எழுதவே எழுதாதீங்க. கேட்டவங்களுக்கு வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, நிஜமாவே அனுப்புங்க, பாவனை வேணாம். அப்புறம் அதை நீங்களே போட்டு கேட்டு அப்படியே காகிதத்துல இறக்குங்க. "இல்ல சித்தி, மொதல்ல அந்த ரப்பரை கழட்டுங்க"ன்னு வந்தா அப்படியே எழுதுங்க. சித்தியை மட்டும் எடுத்துட்டா அதுதான் ஸ்கிரிப்ட். கோயம்புத்தூர்க்காரர்னா "ஏனுங்க"ன்னு வரட்டும், திருநெல்வேலின்னா "ஏல"ன்னு வரட்டும், யாழ்ப்பாணத் தமிழ்னா அதுவும் அப்படியே வரட்டும், எதையும் சலவை பண்ண வேணாம்.

நிதானமா பேசினா எனக்கு ஒரு நிமிஷத்துக்கு 100 வார்த்தை கிட்ட வருது. முதல் வீடியோ நாலஞ்சு நிமிஷம் போதும், அப்ப 500 வார்த்தைக்கு மேல எழுதியிருந்தா குறைங்க. ஆரம்பத்துல பேர், ஊர், சேனல் வரலாறு, லைக் ஷேர் எதுவும் வேணாம். என் வீடியோ முதல் ஷாட் குக்கர் சைடுல ஆவி போறதுதான், கூடவே "இப்படி ஆவி போகுதா? புது குக்கர் வேணாம், மூணு இடத்தை பாருங்க"ன்னு குரல். அதே பிரச்சனை இருக்கறவங்க அந்த இடத்துலயே உட்கார்ந்துடுவாங்க.

கடைசியா ஒரு காலண்டர் தாளை கிழிச்சு பின்பக்கம் என்னென்ன ஷாட் வேணும்னு எழுதுங்க. என்னோடது: ஆவி போறது, கேஸ்கட்டை கழட்டுற கை, பழைய கேஸ்கட்டையும் புதுசையும் பக்கத்துல வச்சு, குழாய் ஓட்டை வழியா வெளிச்சம் தெரியறது, நசுங்குன விளிம்பு, கடைசில விசில். ஏழு வரிக்கு மேல போகல.

சத்தம்

படம் சுமாரா இருந்தா ஜனங்க பொறுத்துக்குவாங்க. சத்தம் கேக்கலைன்னா அடுத்த வீடியோவுக்கு போயிடுவாங்க. அதனால காசு செலவு பண்றதா இருந்தா கேமராவுக்கு பண்ணாதீங்க, மைக்குக்கு பண்ணுங்க. ஆனா முதல் வீடியோவுக்கு அதுவும் வேணாம்.

போனை நாலடி தள்ளி வச்சுட்டு போன் மைக்லயே பேசினா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கும். வயர் இயர்போன்ல இருக்கற மைக்கை சட்டை காலர் கிட்ட ஒரு துணி கிளிப்ல மாட்டுங்க, வாய்ல இருந்து ஒரு சாண் தூரம், துணியில உரசாம. வயர் எட்டலைன்னா வீட்டுல இருக்கற இன்னொரு போன்ல அதை சொருகி ரெக்கார்டர் ஆப்பை ஆன் பண்ணி பாக்கெட்ல போட்டுக்கோங்க. ரெண்டு போனும் ஓட ஆரம்பிச்சதும் கேமரா முன்னாடி பளிச்சுன்னு ஒரு கை தட்டுங்க, எடிட்டிங்ல அந்த தட்டுன சத்தத்தை ரெண்டுலயும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சா குரலும் உதடும் சேர்ந்துடும். சினிமாக்காரங்க பட்டுன்னு கட்டை அடிக்கிறாங்களே, அதுவும் இதுக்குதான்.

அப்புறம் ரூம். ஒண்ணுமில்லாத ஹால்ல டைல்ஸ் தரையும் வெறும் சுவருமா இருந்தா எதிரொலிக்கும். பெட்டு, தலகாணி, பீரோ, துணி எல்லாம் இருக்கற ரூம்ல நல்லா வரும். அடுப்படியிலதான் எடுத்தாகணும்னா கேமராவுக்கு தெரியாத பக்கம் கொடி கட்டி ரெண்டு கனமான பெட்ஷீட் தொங்க விடுங்க. ஃபேனை ஆஃப் பண்ணியே ஆகணும். வேர்க்கும், பரவால்ல, ஒவ்வொரு ஷாட்டுக்கு நடுவுல போட்டுக்கோங்க. ஃபிரிட்ஜும் சத்தம் போடும், காது பழகிட்டதால நமக்கு தெரியாது, மைக்குக்கு தெரியும். அதை ஆஃப் பண்ணிட்டு வண்டி சாவியை ஃபிரிட்ஜுக்குள்ள வச்சிடுங்க, வெளிய கிளம்பறப்ப சாவிய தேடுவீங்க, ஃபிரிட்ஜ ஆன் பண்ண ஞாபகம் வந்துடும். நான் முதல் தடவை இதை பண்ணாம விட்டு ஒரு லிட்டர் பால் திரிஞ்சு போய் அம்மாகிட்ட வாங்கி கட்டிக்கிட்டேன்.

தெரு சத்தம் நம்ம கையில இல்ல. பழைய இரும்பு வாங்கறவர் ஸ்பீக்கர் வச்சு வருவாரு, தண்ணி லாரி வரும், ஆடி மாசம்னா கோயில் ஸ்பீக்கர். உங்க தெரு எப்ப அமைதியா இருக்குன்னு ரெண்டு நாள் கவனிச்சா தெரிஞ்சிடும், எங்களுக்கு அது மத்தியானம் ரெண்டுல இருந்து மூணரை.

வெளிச்சம்

ஜன்னல் முன்னாடி உட்காருங்க, ஜன்னல் உங்க முகத்தை பாக்கணும், முதுகை பாக்க கூடாது. இதுக்கு மேல முதல் வீடியோவுக்கு லைட்டிங் பாடம் தேவையில்ல.

ஒண்ணு மட்டும் சொல்லணும். ராத்திரி டியூப்லைட்லயோ மலிவான எல்இடி பல்புலயோ எடுத்தா சில சமயம் வீடியோல கோடு கோடா ஓடும், இல்லைன்னா படம் துடிக்கும். போன் கெட்டு போச்சுன்னு நினைக்காதீங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால அந்த விளக்கெல்லாம் செகண்டுக்கு 100 தடவை கூடி குறையுது, கேமராவோட ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை உள்ள விடற நேரம்) அதோட ஒத்து போகலைன்னா கோடு தெரியும். கேமரா ஆப்ல ப்ரோ மோட்னு இருக்கும், நாமளே செட்டிங்கை மாத்தற இடம், அதுல ஷட்டர் ஸ்பீடை 1/50 இல்ல 1/100ன்னு வச்சா நின்னுடும். அமெரிக்காக்காரங்க வீடியோ பாத்து 1/60 வச்சா இங்க ஒத்து வராது, அவங்க ஊர் கரண்ட் 60 ஹெர்ட்ஸ். ப்ரோ மோடே இல்லாத போன்னா பகல்லயே எடுத்துடுங்க.

எடுக்கற அன்னைக்கு

முதல் வேலை லென்ஸை பனியன் துணியால தொடைக்கறது. சிரிக்காதீங்க, வீடியோ மங்கலா இருக்கறதுக்கு பாதி நேரம் விரல் எண்ணெய்தான் காரணம், அதுவும் அடுப்படியில ஆவி வேற ஏறும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி தொடைங்க. போனை ஃபிளைட் மோட்ல போடுங்க, இல்லைன்னா நல்லா பேசிட்டு இருக்கறப்பதான் லோன் வேணுமான்னு கால் வரும். ஸ்டோரேஜ் பாருங்க, 1080பி 30 எஃப்பிஎஸ்ல (அதாவது சாதாரண எச்டி, செகண்டுக்கு 30 படம்) போனை பொறுத்து நிமிஷத்துக்கு 60ல இருந்து 130 எம்பி வரைக்கும் எடுக்கும், நாலு நிமிஷ வீடியோவுக்கு நீங்க முப்பது நாப்பது நிமிஷம் ஷூட் பண்ணுவீங்க, அப்ப 6 ஜிபி காலியா இருந்தா நிம்மதி. 4கே வேணாம்.

செல்ஃபி கேமராவை விட்டுட்டு பின்னாடி கேமராவுல எடுங்க, போனை படுக்க வச்சு. ட்ரைபாட் இல்லைன்னா சொம்புல அரிசி போட்டு அதுல போனை சொருகி நிக்க வைங்க, நல்லா நிக்கும். மேல இருந்து கையை மட்டும் காட்டணும்னா மேல் ஷெல்ஃப் விளிம்புல போனை கேமரா மட்டும் வெளிய நீட்டற மாதிரி வச்சு மேல ஒரு கனமான புக்கை வைங்க. கேமராவ ஆன் பண்ணி நீங்க நிக்கற இடத்துல ஸ்கிரீனை அழுத்தி பிடிச்சா ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும், இல்லைன்னா எவர்சில்வர் பாத்திரம் பளபளக்கும் போதெல்லாம் படம் இருட்டாகி வெளுத்து விளையாடும்.

அப்புறம் தயவுசெய்து ஒரு நிமிஷம் மட்டும் எடுத்து, நிறுத்தி, ஹெட்செட் போட்டு கேளுங்க. நான் கேக்கல. நாப்பது நிமிஷம், ஃபேன் இல்லாம, வேர்த்து விறுவிறுத்து, மூணு தடவை சட்டை மாத்தி எடுத்தேன். முடிச்சுட்டு போட்டு பாத்தா இயர்போன் ஜாக் முழுசா உள்ள போகல, "கர்ர்ர்"ங்கற சத்தத்தை தவிர ஒண்ணும் இல்ல. அன்னைக்கு ராத்திரி சேனலே வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். மறுநாள் மத்தியானம் ரெண்டு மணிக்கு தெரு அமைதியா இருக்கவும் சரி இன்னொரு தடவைன்னு உட்கார்ந்தேன். ரெண்டாவது தடவை பேசினது முதல் தடவைய விட நல்லா வந்துச்சு, வாய் பழகிடுச்சு போல.

தப்பா பேசிட்டா கேமராவ நிறுத்தாதீங்க. வாய மூடி ரெண்டு செகண்ட் சும்மா இருந்துட்டு அந்த வரிய முதல்ல இருந்து சொல்லுங்க, எடிட்ல வெட்ட சுலபம். ரெக்கார்டு அழுத்துனதும் மூணு செகண்ட், முடிக்கறப்ப மூணு செகண்ட் அசையாம இருங்க. பேசுறதை எல்லாம் முதல்ல எடுத்து முடிச்சுட்டு, அப்புறம் காலண்டர் தாள்ல எழுதுன கை ஷாட்டுங்கள தனியா எடுங்க, ஒவ்வொண்ணும் பத்து செகண்டாவது.

குக்கர் மாதிரி ஏதாவது எடுத்தா இன்னும் ரெண்டு விஷயம். விசில் சத்தம் மைக்கை கிழிச்சுடும், அந்த ஷாட்டை மட்டும் போனை தள்ளி வச்சு தனியா எடுத்து எடிட்ல சத்தத்தை குறைங்க. கேமராவுக்காக அவசரப்பட்டு பிரஷர் அடங்காம மூடியை திறக்கவே திறக்காதீங்க, நீங்க பண்றதை பாத்து நாலு பேர் பண்ணுவாங்க.

எடிட்டிங்

போன்லயே பண்ணலாம். விஎன், இன்ஷாட், கைன்மாஸ்டர் எல்லாம் இருக்கு, கைன்மாஸ்டர்ல காசு கட்டலைன்னா வாட்டர்மார்க் வரும். யூடியூப்காரங்களே யூடியூப் கிரியேட்னு ஒரு ஆப் ஃப்ரீயா விட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் இருந்தா டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ, ஆனா பழைய லேப்டாப் மூச்சு வாங்கும். எதையாவது ஒண்ணை பிடிங்க, எது பெஸ்ட்னு ஒரு வாரம் ரிவ்யூ பாத்துட்டு உட்காராதீங்க. ஒரு போன்ல எடுத்து இன்னொரு போன்ல எடிட் பண்ணா வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பாதீங்க, அது வீடியோவ நசுக்கிடும், டாக்குமெண்டா அனுப்புங்க இல்ல குயிக் ஷேர்ல மாத்துங்க.

வேலை பாக்கற வரிசை முக்கியம். முதல்ல பேசுறதை மட்டும் வரிசையா போட்டு, தப்பு, இருமல், "அப்புறம் வந்து", "அதாவது என்னன்னா" எல்லாத்தையும் வெட்டுங்க. வெட்டி முடிச்சுட்டு கண்ணை மூடி கேளுங்க, கதை புரியுதா? புரிஞ்சா பாதி முடிஞ்சது. அதுக்கப்புறம்தான் வெட்டுன இடத்தோட தழும்பு மேல கை ஷாட்டுகளை வைக்கணும், கேஸ்கட்னு சொல்றப்ப கேஸ்கட் தெரியணும். சுத்தி வர்ற டிரான்சிஷன், பறந்து வர்ற எழுத்து எதுவும் வேணாம்.

பின்னணி இசை கட்டாயமில்ல. போட்டா குரலை அமுக்காம ரொம்ப மெதுவா. சினிமா பாட்டு போடாதீங்க. "பத்து செகண்ட் வரைக்கும் போட்டா ஒண்ணும் ஆகாது"ன்னு யாராவது சொல்வாங்க, அப்படி ஒரு சட்டமே கிடையாது, யூடியூப்போட கன்டென்ட் ஐடி டீக்கடை ஸ்பீக்கர்ல பின்னாடி ஓடுற பாட்டையே கண்டுபிடிக்கும். பெரும்பாலும் கிளைம்தான் வரும், அதாவது அந்த வீடியோ மூலமா வர்ற விளம்பர காசு பாட்டுக்காரங்களுக்கு போகும், இல்லைன்னா வீடியோ சில நாட்டுல தெரியாது. ஸ்ட்ரைக் வேற, பாட்டுக்காரங்க வீடியோவையே எடுக்க சொன்னா யூடியூப் கொடுக்கற எச்சரிக்கை, அது 90 நாளுக்குள்ள மூணு வந்தா சேனலே போயிடும். யூடியூப் ஸ்டூடியோவுக்குள்ளயே (நம்ம சேனலை பாத்துக்கற பக்கம்) ஆடியோ லைப்ரரி இருக்கு, அதுல எடுத்துக்கோங்க.

ஏத்தறது

சேனல் ஆரம்பிச்சதும் போன் நம்பர் வச்சு வெரிஃபை பண்ணிடுங்க. பண்ணலைன்னா 15 நிமிஷத்துக்கு மேல வீடியோ ஏத்த முடியாது, சொந்தமா தம்ப்நெயிலும் (வீடியோவ தொடறதுக்கு முன்னாடி தெரியற அட்டை படம்) வைக்க முடியாது. கூகுள் அக்கவுண்டுக்கு டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனும் போடுங்க.

தலைப்புக்கு 100 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, ஆனா போன்ல முதல் பாதிதான் கண்ணுல படும், அதனால விஷயம் முன்னாடி வரணும். நம்ம ஜனங்க நிறைய பேர் தமிழை இங்கிலீஷ் எழுத்துலதான் டைப் பண்ணி தேடுறாங்க. அதனால தலைப்பு "குக்கர்ல விசில் வரலையா? இந்த 3 இடத்தை பாருங்க"ன்னு தமிழ் எழுத்துல வச்சுட்டு, அதே வார்த்தைங்கள டிஸ்கிரிப்ஷன்ல முதல் ரெண்டு வரிக்குள்ள இங்கிலீஷ் எழுத்துலயும் ஒரு வாக்கியமா எழுதிடுங்க. டேக் (வீடியோவோட சேர்த்து போடுற தேடல் வார்த்தைங்க) போடுறதுக்கு ஒரு மணி நேரம் உட்காராதீங்க, அதுல பெரிசா ஒண்ணும் இல்லைன்னு யூடியூப்பே சொல்லுது.

தம்ப்நெயில் 1280க்கு 720 அளவு, 2 எம்பிக்குள்ள வச்சுக்கோங்க. ஒரு படம், மூணு வார்த்தை. கீழ வலது மூலையில எழுத்து வைக்காதீங்க, அங்க வீடியோ நேரம் வந்து உட்கார்ந்து மறைச்சிடும். செஞ்சுட்டு போனை கை நீட்டி தூரமா பிடிச்சு பாருங்க, படிக்க முடியலைன்னா எழுத்தை பெருசு பண்ணுங்க.

"இது குழந்தைகளுக்காக எடுத்ததா?"ன்னு கேக்கும். குழந்தைங்களும் பாக்கட்டுமேன்னு ஆமா போட்டுடாதீங்க, போட்டா கமெண்ட் வசதியே போயிடும். சின்ன பசங்களுக்குன்னே எடுத்த வீடியோவுக்குதான் ஆமா. இன்னொண்ணு, போனை நிமித்தி வச்சு எடுத்து மூணு நிமிஷத்துக்குள்ள இருந்தா அது ஷார்ட்ஸா போயிடும், 2024 அக்டோபர்ல இருந்து இப்படித்தான்.

உடனே பப்ளிக் போடாதீங்க, அன்லிஸ்டட்ல போடுங்க, லிங்க் இருக்கறவங்க மட்டும்தான் பாக்க முடியும். முதல்ல மங்கலாத்தான் தெரியும், எச்டி ரெடியாக கொஞ்ச நேரம் ஆகும், அதுக்குள்ள பயந்து அழிச்சுட்டு திரும்ப ஏத்துனவங்க உண்டு. அந்த லிங்க்கை எடுத்துட்டு நான் நேரா சித்தி வீட்டுக்கு போனேன். எப்படி இருக்குன்னு கேக்கல, கேட்டா "சூப்பர்டா தங்கம்"னுதான் வரும். போனை கையில கொடுத்துட்டு பேசாம முகத்தை பாத்துட்டு உட்கார்ந்தேன். ரெண்டாவது நிமிஷத்துல சித்தி கண்ணு டிவி பக்கம் போச்சு. அந்த இடத்துல நான் கேஸ்கட் ரப்பரோட தரத்தை பத்தி நாப்பது செகண்ட் லெக்சர் அடிச்சிருந்தேன். வீட்டுக்கு வந்து அதை வெட்டிட்டு திரும்ப ஏத்தி பப்ளிக் பண்ணேன்.

போட்டதுக்கு அப்புறம்

முதல் வாரம் 37 வியூஸ். அதுல ஒரு பத்து நானே. "நீ எனக்கு சப்ஸ்கிரைப் பண்ணு நான் உனக்கு பண்றேன்"னு வர்றவங்க பக்கமே போகாதீங்க, அவங்க உங்க வீடியோவ பாக்க போறதில்ல. காசு பத்தி கேக்கறவங்களுக்கு கணக்கு இதுதான்: விளம்பர காசுக்கு 1000 சப்ஸ்கிரைபர், கூடவே கடைசி 12 மாசத்துல 4000 மணி நேரம் ஜனங்க பாத்திருக்கணும், இல்லைன்னா 90 நாள்ல ஷார்ட்ஸ்ல 1 கோடி வியூஸ். 500 சப்ஸ்கிரைபர், 90 நாள்ல 3 வீடியோ, 3000 மணி நேரம்னு ஒரு சின்ன படியும் இருக்கு, அதுல பாக்கறவங்க நேரா தர்ற பணம் மாதிரி சிலது கிடைக்கும், விளம்பர பங்கு கிடையாது. முதல் வீடியோவுக்கு இதெல்லாம் ரொம்ப தூரம்.

ஸ்டூடியோவுல ஒரே ஒரு படத்தை மட்டும் பாருங்க, எத்தனை பேர் எந்த செகண்ட்ல கிளம்புனாங்கன்னு கோடு கீழ இறங்குமே, அது. எனக்கு 0:30 தாண்டி பாதி பேருக்கு மேல இருந்தாங்க, 3:10ல பள்ளம். அங்க "அவ்ளோதாங்க, அப்புறம் இன்னொரு விஷயம்"னு சொல்லியிருக்கேன், அவ்ளோதாங்கன்னதும் கிளம்பிட்டாங்க, நியாயம்தானே.

ரெண்டு மாசம் கழிச்சு ஒருநாள் தெரியாதவங்க ஒருத்தர் கமெண்ட்: "அண்ணா இது உள்மூடி குக்கர், எங்க வீட்டுல வெளிமூடி, அதுக்கு கேஸ்கட் எப்படி மாட்டறது?" எங்க வீட்டுல வெளிமூடி குக்கர் இல்ல. அத்தை வீட்டுல இருக்கு, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு கடன் கேட்டிருக்கேன்.